ஏழாம் மாடி கொரிடோர்: நாட்பட்ட நுரையீரல் நோயாளி ஒருவருக்குத் தொலைபேசி வழி நடைப்பயிற்சி

இந்த நிகழ்வில் வரும் அம்மாவின் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தினார். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் கொழும்பில் வேலை செய்யும் ஓர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). சுவாச நோயாளிகளை வீட்டிலேயே நடமாட வைக்க, வாரா வாரம் தொலைபேசியில் பேசிப் பின்தொடரும் சிறிய குழு ஒன்றில் இருக்கிறேன்.

பின்னணி

அம்மாவுக்கு அப்போது 63 வயது. மலையகத்தில் பிறந்தவர். கல்யாணமாகிக் கொழும்பு வந்து, வடகொழும்பில் ஒரு வத்தையில் (நெருக்கமான சிறு வீடுகள் உள்ள குடியிருப்பில்) பல வருடம் இருந்து, பிறகு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஏழாம் மாடிக்கு மாற்றப்பட்டவர். மகன் த்ரீவீல் ஓட்டுகிறார், மருமகள் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. பேத்தி ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சைக்கு) படிக்கிறாள். வீட்டில் ஒரேயொரு ஸ்மார்ட்போன்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அதுவும் பேத்தி டியூஷன் முடிந்து வந்த பிறகுதான். அம்மாவிடம் இருந்தது பட்டன் போன்.

சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் இடியப்பம் அவித்து விற்றிருக்கிறார். விடியப்புறம் இரண்டரைக்கு எழும்பி, விறகடுப்பிலும் பிறகு மண்ணெண்ணெய் அடுப்பிலும் வேலை. கடைசிச் சில வருடங்கள் காஸ். 2022இல் நாட்டில் காஸ் சிலிண்டர் கிடைக்காமல் போனபோது பலரையும் போல அவரும் விறகுக்குத் திரும்பினார். கட்டடத்தின் பின்பக்கம் மூன்று கல் வைத்து, மாதக்கணக்கில் அந்தப் புகைக்குள் நின்றார். அந்த வருடக் கடைசியில்தான் இருமலும் இழுப்பும் அடங்காமல் மார்பு நோய் கிளினிக்குக்கு வந்தார்.

அதுவரை அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது ஆஸ்துமா. ஊதிப் பார்க்கும் பரிசோதனையில், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் முதல் நொடியில் வெளியேறும் காற்றுக்கும் மொத்தக் காற்றுக்குமான விகிதம் 0.58 ஆக இருந்தது. 0.70க்குக் கீழே நின்றால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று அர்த்தம். முதல் நொடிக் காற்று, அவருடைய வயது உயரத்துக்கு எதிர்பார்க்கும் அளவில் 46 சதவீதம். சிஓபிடி என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், கடுமையான கட்டம். புகைக்காதவர்களுக்கு, அதிலும் விறகுப் புகையில் சமைத்த பெண்களுக்கு, இது வரும் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம்தான். எங்கள் பக்கத்தில் சொன்னால் இன்னும் யாரும் நம்புவதில்லை.

நோயின் பெயர் தெரிந்த அன்றே வீட்டில் வேலையை நிறுத்திவிட்டார்கள். "இனி நீங்க இருங்கம்மா, நாங்க பார்த்துக்கிறோம்" என்று மகன் சொல்லியிருக்கிறார். அன்போடு சொன்னதுதான். அதன் பிறகு அவர் உண்மையிலேயே இருந்துவிட்டார்.

முதல் சந்திப்பு, 2023 பெப்ரவரி

அழைப்புகளைத் தொடங்கும் முன் கிளினிக்கில் ஒரு தடவைதான் நேரே பார்த்தேன். ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் 285 மீட்டர் நடந்தார், இரண்டு இடத்தில் நின்றார். இரத்தத்தில் ஒக்சிஜன் ஓய்வில் 95 சதவீதம், நடந்து முடிந்ததும் 90. 0 முதல் 4 வரையான மூச்சுத் திணறல் அளவுகோலில் 3: சமதரையில் சில நிமிடம் நடந்ததும் நிற்க வேண்டிய நிலை. சிஏடி என்ற 40 புள்ளிக் கேள்விப் பட்டியலில் 24. புள்ளி கூடக் கூட அவதி கூடுகிறது.

இந்த நோயில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் பெரிய பாடு. வேகமாக மூச்சு விட்டால் பழைய காற்று முழுக்க வெளியேறும் முன் புதுக் காற்று ஏறி, நெஞ்சு ஊதி நிற்கும். அதற்குப் பயந்து ஆள் உட்காருவார். உட்கார உட்காரக் கால் தசை மெலியும். மெலிந்த கால் அதே தூரத்துக்கு அதிக மூச்சு கேட்கும். இந்தச் சுழலைத்தான் உடைக்க வேண்டும். சிஓபிடி உள்ளவர்களில் யார் நீண்ட நாள் இருப்பார் என்பதை முன்கூட்டிக் காட்டும் வலுவான அடையாளங்களில் அன்றாட நடமாட்டமும் ஒன்று.

வாரம் இரண்டு தடவை கிளினிக்குக்கு வந்து பயிற்சி எடுப்பதுதான் முதல் தெரிவு. அம்மாவால் அது முடியாது: லிஃப்ட் எப்போது நிற்கும் என்று தெரியாது, மகன் ஒருநாள் ஓட்டத்தை விட வேண்டும். ஆகவே தொலைபேசி. 2017இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு எங்களுக்கு முன்மாதிரி. ஆறு மையங்களில் 343 நோயாளிகள், 12 வாரம், அடி (நடக்கும்போது எடுத்து வைக்கும் காலடி) எண்ணும் கருவி, ஸ்மார்ட்போன் செயலி, தேவைப்பட்டால் தொலைபேசி அழைப்பு. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 1,470 அடி கூட நடந்தார்கள். செயலி எங்களுக்குச் சரிவராது. கருவியும் அழைப்பும் போதும் என்று நினைத்தோம்.

இடுப்பில் மாட்டும் சின்னக் கருவி ஒன்றைக் கொடுத்தேன். இரவு எண்ணிக்கையைப் பேத்தி வட்ஸ்அப் குரல் செய்தியில் சொல்வாள். செவ்வாயும் வெள்ளியும் நான் அழைப்பேன், முதல் மாதம் கழிந்ததும் வெள்ளி மட்டும். நடக்கும்போது மூச்சுத் திணறல் பத்துக்கு மூன்று நான்கு என்றால் நடக்கலாம், ஐந்தைத் தாண்டினால் நிற்க வேண்டும். ஒக்சிஜன் 88க்குக் கீழே போனால் அன்றைக்கு நடையில்லை. விரல் கருவி ஒன்றும் கொடுத்திருந்தோம்.

என்ன செய்ய ஆசை என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குத் தானாகப் போய்வர வேண்டும் என்றார். அம்மா இந்து. செவ்வாயில் அந்தோனியாரிடம் போகாத வடகொழும்பு ஆள் குறைவு, அதனால் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

முதல் மூன்று வாரம்: கருவிக்குக் கோபம்

முதல் வாரச் சராசரி நாளுக்கு 1,180 அடி. அதோடு 500 சேர்த்து இலக்குக் கொடுத்தேன். இரண்டாம் வாரம் 1,210. மூன்றாம் வாரம் 1,150. அழைக்கும்போதெல்லாம் "நடக்கிறேன் மிஸ்" என்றார். நான் நம்பவில்லை. இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யுங்கம்மா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் வாரக் கடைசியில் அழைத்தால் பேத்திதான் எடுத்தாள்: "அப்பாயி தூங்குறாங்க மிஸ்." பின்னேரம் ஐந்து மணிக்கு.

அடுத்த நாள் பேத்தியின் போனில் வீடியோ அழைப்புக் கேட்டேன். அம்மா ஹவுஸ்கோட்டில் இருந்தார். கருவி எங்கே என்றேன். ஹவுஸ்கோட் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இடுப்பில் மாட்டச் சொல்லியிருந்தேன், ஆனால் ஹவுஸ்கோட்டுக்கு இடுப்பு ஏது? "இந்த மெஷினுக்கு என் மேல கோவம் மிஸ், நான் நடந்தா பார்க்காது" என்றார்.

பேத்தியை எண்ணச் சொல்லி, கொரிடோரில் சரியாக 100 அடி நடக்க வைத்தோம். கருவி காட்டியது 58. பையில் ஆடியது ஒரு காரணம். மெதுவாக, கால் இழுத்து நடப்பவர்களின் அடியை இந்த வகைக் கருவிகள் தவறவிடும் என்பது இன்னொன்று. இரண்டாவது எனக்குப் பாடத்தில் தெரிந்தது, ஆனால் வேலையில் மறந்துபோனது. உள்பாவாடை நாடாவில் இறுக்கி மாட்டினோம். 100க்கு 86. அதோடு அந்த வாரச் சராசரி 1,720 ஆனது. அவர் ஓர் அடிகூடக் கூடுதலாக நடக்கவில்லை. இதையே புதிய தொடக்கமாக எடுத்துக்கொண்டேன்.

அடி இலக்கையும் நிறுத்தினேன். எண்ணிக்கை எனக்கு மட்டும் வரட்டும், அவருக்குச் சுற்றுக் கணக்கு. கொரிடோரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய் வந்தால் ஒரு சுற்று. காலை நான்கு, பின்னேரம் நான்கு, நினைத்த இடத்தில் நிற்கலாம்.

அதே வீடியோவில் வேறு இரண்டு விஷயமும் தெரிந்தன, காதால் மட்டும் கேட்டிருந்தால் ஒருநாளும் தெரிந்திருக்காது. ஒன்று, பம்பை (மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் இன்ஹேலரை) வாயில் அழுத்திவிட்டு மூச்சை மூக்கால் இழுத்தார். மருந்து நாக்கோடு நின்றுவிட்டது. கிளினிக்கில் கொடுத்த ஸ்பேசர் (பம்பில் மாட்டி மருந்தை இழுக்கும் குழாய்) அலமாரிக்கு மேல் பெட்டிக்குள் இருந்தது. அதை இறக்கி, அதன் வழியாக எடுக்கப் பழக்கினோம். மற்றது, ஆறு மணிக்குக் கொரிடோரில் மூன்று வாசலில் நுளம்புத்திரி புகைந்துகொண்டிருந்தது. பின்னேரச் சுற்றை நாலு மணிக்கு மாற்றினோம். டெங்கு நுளம்பை ஒழிக்கப் புகை அடிக்கும் நாளில் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே இருப்பது என்றும் பேசிக்கொண்டோம்.

உதட்டைக் குவித்து மூச்சு விடுவதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு வழக்கமாக இரண்டு மூன்று அழைப்பு பிடிக்கும். அவருக்கு ஒரு நிமிடம். ஊதுகுழலில் அடுப்பு ஊதிய வாய். பிரச்சினை, பழக்கத்தில் பலமாக ஊதினார். "அடுப்புக்கு ஊதுற மாதிரி இல்லம்மா, பிளேன்டீ ஆத்துற மாதிரி" என்றதும் சரியாக வந்தது.

நான்காம் வாரம் முதல்: கொப்பி

கருவி சரியானாலும் பின்னேரச் சுற்று நடக்கவில்லை. காலையில் நாலு சுற்று ஒழுங்காக நடக்கிறார், பின்னேரம் ஒன்றோடு உள்ளே போய்விடுகிறார். கால் வலியா, மருந்து போதவில்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவரே சொன்னார்: "மிஸ், பின்னேரம் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கும். நான் நடுவுல நின்னு மூச்சு வாங்கினா, என்னக்கா சொகமில்லையான்னு கேக்கிறாங்க. நாலு வீட்டுக்குப் பதில் சொல்ல எனக்கு ஏலாது."

ஆர்வம் குறைவு என்று நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தது உண்மையில் கூச்சம். மூச்சு வாங்கி நிற்பது அவமானம் இல்லை என்று நான் ஒரு பிரசங்கம் செய்தேன். கேட்டுக்கொண்டார். பின்னேரச் சுற்று ஒன்றாகவே இருந்தது.

வழியைக் கண்டுபிடித்தவர் அவர்தான். மருமகள் ஞாயிறுகளில் காஸ் அடுப்பில் கொஞ்சம் இடியப்பம் அவித்து அந்த மாடியில் விற்கத் தொடங்கியிருந்தார். ஓடர் எடுக்கும் வேலையை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். கையில் ஒரு கொப்பி, பேனை. ஒவ்வொரு வாசலிலும் நிற்பார், எத்தனை என்று கேட்பார், எழுதுவார். எழுதும் நேரம் மூச்சு ஆறும். யாரும் சொகமில்லையா என்று கேட்கவில்லை, பச்சையரிசி மாவா குரக்கன் மாவா என்றுதான் கேட்டார்கள். ஞாயிறு மட்டும் இருந்தது, செவ்வாயும் வெள்ளியும் சேர்ந்தது.

நான் முதலில் மறுத்தேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வாசலில் நின்றால் அடுப்புப் புகை, தாளிக்கும் நெடி, சாம்பிராணி. டொக்டரோடு பேசியபோது அவர் என் பயத்தைப் பெரிதாக எடுக்கவில்லை: நெடி வந்தால் அடுத்த வாசலுக்குப் போகட்டும், உட்கார்ந்திருப்பதால் வரும் சேதம் நிச்சயம் என்றார். அவர் சொன்னது சரி.

வீட்டாரோடும் ஒரு தடவை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். மகனுக்குத்தான் கஷ்டம். "வருத்தக்கார அம்மாவ வீடு வீடா அனுப்பிச் சம்பாதிக்கிறான்னு சொல்லுவாங்க மிஸ்." அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மருமகள்தான் சொன்னார்: "சொன்னா சொல்லட்டும். மாமி முன்ன மாதிரி சத்தமாப் பேசுறாங்க, அது போதும்." கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். இடியப்ப உரலைப் பிழிவது இல்லை. கையை உயர்த்தி அழுத்தும் வேலை இந்த நோயில் காலால் நடப்பதைவிட மூச்சைப் பிடிக்கும். உட்கார்ந்து தேங்காய் துருவலாம், துணி மடிக்கலாம், கொப்பி வேலை முழுக்க அவருடையது.

சித்திரை வருடப்பிறப்பு வாரத்தில் சராசரி 2,400 அடி. அந்த வாரம் நான் கொஞ்சம் பெருமையோடுதான் இருந்தேன்.

தவறவிட்ட நாட்கள்

ஏப்ரல் கடைசி வாரம் எண்ணிக்கை இறங்கியது. 2,400லிருந்து 1,900. 28ஆம் திகதி வெள்ளி அழைப்பில் கேட்டேன். "மழை மிஸ், கொரிடோர் எல்லாம் தண்ணி" என்றார். அது பொய்யில்லை; பின்னேரங்களில் இடி மழை அடித்துக்கொண்டிருந்த நாட்கள். நான் அதோடு விட்டுவிட்டேன். சளி எப்படி, நிறம் மாறியதா, பம்ப் எத்தனை தடவை என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய பட்டியல் மேசையில் என் முன்னால்தான் இருந்தது.

அடுத்த வெள்ளி, மே 5, வெசாக். விடுமுறை, நான் அழைக்கவில்லை. இதற்கிடையில் பேத்தியின் குரல் செய்தி இரவு தவறாமல் வந்துகொண்டிருந்தது: 1,500, 1,300, 1,100, 700. அந்தச் செய்திகளை நான் திங்கட்கிழமைதான் கேட்டேன்.

6ஆம் திகதி இரவு அவருக்கு மூச்சு முட்டி, படுக்க முடியாமல், மேசையில் கையூன்றி உட்கார்ந்திருக்கிறார். சளி மஞ்சளாகி நான்கு நாள் ஆகியிருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன்கள் பிளாஸ்டிக் கதிரையில் வைத்து ஏழு மாடியும் தூக்கி இறக்கினார்கள். அரச ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு நாள். நெபுலைசர், ஸ்டீரொயிட் மாத்திரை, அன்டிபயோட்டிக்.

நான்கைந்து நாள் முன்னால் டொக்டரிடம் காட்டியிருந்தால் மாத்திரையோடு வீட்டிலேயே அடங்கியிருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கை என் போனுக்கே வந்துகொண்டிருந்தது. அடி எண்ணிக்கையை நான் முயற்சியின் அளவாகவே பார்த்துப் பழகியிருந்தேன், உடம்பின் அளவாகப் பார்க்கவில்லை.

மறுபடி தொடக்கம்

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த முதல் வாரம் 640 அடி. நோய் தீவிரமாகி அடங்கிய பிறகு பலர் பழைய நடமாட்டத்துக்குத் திரும்புவதில்லை. நான்கு வாரத்துக்குள் பயிற்சியைத் தொடங்கினால் மீண்டும் ஆஸ்பத்திரி போவது குறைகிறது என்பதால், 12 வாரத்தில் முடிய இருந்த அழைப்புகளை ஓகஸ்ட் வரை நீட்டினோம். செவ்வாயும் திரும்ப வந்தது.

இந்தத் தடவை ஒரு தடவை நேரில் போனேன். லிஃப்ட் வேலை செய்த நாள். கொரிடோரைக் காலால் அளந்தேன், 42 மீட்டர். நான் படத்தில் நினைத்திருந்ததைவிட இருட்டு, நடுவில் ஒரு படி உயரம் வேறு. அந்தப் படியில்தான் அவர் எப்போதும் நிற்கிறார் என்பது நேரில் பார்த்த பிறகுதான் புரிந்தது. படிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார்.

அவசரத் திட்டம் ஒன்றைத் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம். சளி நிறம் மாறினால், பம்ப் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தேவைப்பட்டால், எண்ணிக்கை இரண்டு நாள் தொடர்ந்து கால் பங்கு இறங்கினால், அன்றே கிளினிக்குக்கு அழைப்பு. மூன்றாவதைப் பேத்தி பொறுப்பெடுத்தாள். ஜூலையில் ஒரு தடவை இந்தத் திட்டம் வேலை செய்தது: சளி மாறிய இரண்டாம் நாளே மருந்து தொடங்கி, வீட்டிலேயே அடங்கியது.

முடிவில் நின்ற இடம்

ஓகஸ்ட் நடுவில் கடைசி அளவீடு. நாளுக்குச் சராசரி 2,850 அடி, திருத்திய தொடக்கத்தைவிட 1,130 கூட. இந்த நோயில் 600 முதல் 1,100 அடி வரையான உயர்வை அர்த்தமுள்ள மாற்றமாக எடுக்கிறார்கள். ஆறு நிமிட நடை 312 மீட்டர், 27 மீட்டர் கூட; சுமார் 30 மீட்டர்தான் வழக்கமாக எதிர்பார்க்கும் எல்லை, ஆக விளிம்பில். சிஏடி 24லிருந்து 19. ஊதும் பரிசோதனை கிட்டத்தட்ட அதே இடத்தில், அது மாறும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை.

அதே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பேத்தியோடு பஸ்ஸில் கொச்சிக்கடை போய்வந்தார். பஸ்ஸிலிருந்து கோயில் வாசல் வரை மூன்று தடவை நின்றாராம். தானாகப் போக வேண்டும் என்ற பழைய ஆசையில் பாதி. "உள்ளுக்குப் போனா பெஞ்சு இருக்குத்தானே மிஸ்" என்றார், நான்தான் வழியெல்லாம் எங்கே உட்காருவது என்று கவலைப்பட்டேன்.

நவம்பரில் கருவியை ஒரு வாரம் மட்டும் திரும்ப அனுப்பினோம். 2,310. அழைப்பு நின்றதும் ஐநூறு அடிக்கு மேல் கரைந்திருந்தது. பெரும்பாலான தொலைபேசிப் பயிற்சிகளில் நடப்பதுதான். மழைக்காலமும் பேத்தியின் பரீட்சைத் தயாரிப்பும் சேர்ந்துகொண்டன. இடியப்ப ஓடர் நாட்களில் மட்டும் எண்ணிக்கை இறங்கவில்லை.

அடுத்த நோயாளிக்கு மாற்றியவை

முதல் வாரத்திலேயே வீடியோவில் 100 அடி எண்ணிக் கருவியைச் சரிபார்க்கிறோம், என்ன உடுப்பில் வீட்டில் இருப்பார் என்று கேட்ட பிறகுதான் எங்கே மாட்டுவது என்று தீர்மானிக்கிறோம். பம்ப் எடுப்பதை மாதம் ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கிறோம். முடிந்தால் ஆரம்பத்திலேயே ஒரு வீட்டு விஜயம். எங்கள் குழுவில் மூன்று பேர்தான், எல்லோருக்கும் முடியவில்லை.

எண்ணிக்கை இறங்கினால் முதல் கேள்வி சளி, இரண்டாவது பம்ப், அதற்குப் பிறகுதான் மழை. விடுமுறை நாளில் செய்திகளைக் கேட்க ஒருவர் பொறுப்பு. அழைப்பைச் சட்டென்று நிறுத்தாமல் மாதம் ஒன்றாகக் குறைத்து ஆறு மாதம் இழுக்கிறோம். அது பலன் தருகிறதா என்று பார்க்க இன்னும் காலம் வேண்டும்.

நடக்காததற்குக் காரணம் எழுதும் இடத்தில் ஆர்வம் குறைவு என்ற சொல்லைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம். அங்கே இப்போது நோயாளி சொன்னதை அப்படியே எழுத வேண்டும். இதற்குக் குழுவுக்குள் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது, நேரம் பிடிக்கிறது என்று. பிடிக்கத்தான் செய்கிறது.

டிசெம்பரில் அம்மாவோடு கடைசியாகப் பேசினேன். கொப்பி முடிந்து இரண்டாவது வாங்கியிருக்கிறார். ஆறாம் மாடியிலும் ஓடர் கேட்கிறார்களாம், லிஃப்ட் சரியாக இருக்கும் நாளில் மட்டும் போய்வருகிறாராம்.